எஃகினுள் ஒளிந்திருக்கும் வாயு

எவர்சில்வர் செம்பை நன்றாகத் துலக்கிக் கவிழ்த்து வைத்தால், அதில் இனி ஒன்றுமில்லை என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அந்த உலோகத்துக்குள்ளேயே ஹைட்ரஜன் அணுக்கள் ஒளிந்திருக்கின்றன என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

எஃகை உருக்கும்போது ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் அதனுள் கலந்துவிடுகிறது. ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது. ஆகையால் இரும்பு அணுக்களின் இடைவெளிகளில் புகுந்து, மெல்ல மெல்ல நகர்ந்து மேற்பரப்பை அடைகிறது. அங்கே இரண்டிரண்டு அணுக்களாகச் சேர்ந்து வாயுவாக வெளியேறுகிறது.

சமையலறையில் இதனால் தீங்கில்லை. ஆனால் அமெரிக்காவிலுள்ள லைகோ ஆய்வுக்கூடங்களில் இது பெரிய இடையூறு. அங்கே 4 கிலோமீட்டர் நீளமும் 1.2 மீட்டர் விட்டமும் கொண்ட எஃகுக் குழாய்களுக்குள் லேசர் ஒளி ஓடுகிறது. விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பலை அக்குழாயின் முனைகளிலுள்ள கண்ணாடிகளின் இடைவெளியை ஒரு புரோட்டானின் அகலத்தைவிட மிகக் குறைவாகவே மாற்றும். வழியில் வாயு மூலக்கூறுகள் குறுக்கிட்டால் அந்த நுண்ணிய அசைவை அறிய முடியாது.

பம்பு வைத்து இறைத்துவிடலாமே என்று நாம் கேட்கலாம். ஊற்றுள்ள கிணற்றை எவ்வளவு இறைத்தாலும் நீர் சுரந்துகொண்டே இருக்குமல்லவா? அதுபோலவே குழாயின் சுவரிலிருந்தும் வாயு சுரந்துகொண்டே இருக்கும். ஆகவே ஊற்றையே வற்றச் செய்ய வேண்டும்.

அதற்கு வழி வெப்பம். சூடேறினால் அணுக்களின் ஓட்டம் பன்மடங்கு பெருகும். பல ஆண்டுகளில் மெதுவாகக் கசிய வேண்டிய ஹைட்ரஜன் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். எனவே குழாயாக்கும் முன்பே எஃகுத் தகடுகளைச் சுமார் 450 டிகிரி சென்டிகிரேடில் 36 மணி நேரம் சுட்டார்கள். குழாய்களைப் பற்றவைத்து இணைத்த பின், அவற்றின் வழியே சுமார் 2,000 ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்தி, ஏறக்குறைய 160 டிகிரியில் ஒரு மாத காலம் சூடாக வைத்திருந்தார்கள். உட்சுவரில் ஒட்டியிருந்த நீராவியும் இதனால் நீங்கியது. உள்ளே இருக்கும் அழுத்தம் இப்போது வெளிக்காற்றின் அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான்!

இந்த உழைப்பு வீண்போகவில்லை. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள், சுமார் 130 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இரு கருந்துளைகள் மோதி இணைந்த ஈர்ப்பலை முதன்முறையாக இங்கே பதிவாயிற்று. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்திலும் இத்தகைய கூடம் அமைக்க 2023-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

தோழியரே! வெளியே பளபளத்தால் மட்டும் போதாது. உள்ளே மறைந்திருப்பதையும் பொறுமையோடு நீக்க வேண்டும். எஃகு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.