மன்னார் மண்ணுக்கு ஓர் அரிச்சுவடி

2018ஆம் ஆண்டின் முற்பகுதியில், மன்னார் நகரின் நுழைவாயிலிலே சதொச நிறுவனத்தின் கட்டடமொன்றுக்காக நிலத்தை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன என்ற செய்தி பரவியதும், யுத்த காலத்தில் உறவுகளைத் தொலைத்துவிட்டுப் பல்லாண்டுகளாகப் பதிலுக்குக் காத்திருந்த குடும்பங்கள் யாவும் அந்தக் குழியை நோக்கித் தம் கண்களைத் திருப்பின. நீதிமன்றத்தின் உத்தரவின் பேரில், சட்ட வைத்திய அதிகாரியும் களனிப் பல்கலைக்கழகத்துத் தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவவும் தத்தம் குழுவினரோடு மாதக்கணக்கில் அங்கே அகழ்ந்தனர். சிறுவர்களுடையவை உட்பட 300க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிக்கொணரப்பட்டன. அவற்றிலிருந்து ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பப்பட்டன. அவை கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்ற முடிவு 2019 மார்ச்சில் வெளியாயிற்று.

அந்த முடிவைக் கேட்டவர்களுள் சிலர் அதனைக் கடைசி வார்த்தையாக ஏற்றனர். கண்ணீரோடு காத்திருந்தவர்களிற் பலர் அதனை நம்ப மறுத்தனர். ஆனால் எலும்பின் வயதை எவ்வாறு கணிக்கிறார்கள், அக்கணிப்பு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று விசாரித்து அறிவதற்கு வேண்டிய ஆரம்ப ஞானத்தை, ஏற்றவருக்கும் மறுத்தவருக்கும் எவரும் அளித்திருக்கவில்லை. மன்னாரைப் போன்ற ஒரு பிரதேசத்திலே, எங்கே மண்வெட்டி பட்டாலும் சரித்திரம் வெளிப்படும் நிலத்திலே, இந்த ஞானம் நிபுணர்களின் தனிச்சொத்தாக இருந்துவிடலாகாது என்பதே எனது உறுதியான எண்ணம். அதனைச் சாதாரண மனிதர் பெறுவதற்கு இன்று திறந்துள்ள வாயில்களில் மிக அண்மையானது, பௌதீக மானிடவியலுக்கும் தொல்லியலுக்கும் அறிமுகமாக அமைந்த இணையவழிப் பாடநெறி. பேசாலையிலோ முருங்கனிலோ இருந்துகொண்டு, கைத்தொலைபேசி ஒன்றின் துணையோடு, சில வாரங்களில் கற்று முடிக்கத்தக்க அத்தகைய பாடநெறி நமக்கு என்ன கற்பிக்கும் என்பதை, மன்னார்க் கரையின் உதாரணங்களைக் கொண்டே இங்கே விளக்க விரும்புகிறேன்.

பௌதீக மானிடவியல் மனித உடலை ஆராய்வது. மனித இனம் தோன்றிப் பரவிய விதம், உடல்களுக்கிடையே காணும் வேறுபாடுகள், எலும்பும் பல்லும் தாங்கியிருக்கும் வாழ்க்கைச் சுவடுகள் ஆகியவை அதன் விஷயங்கள். தொல்லியலோ மனிதர் விட்டுச்சென்ற பொருள்களைக் கொண்டு அவர்களுடைய வாழ்க்கையை அறிவது. இரண்டும் சந்திக்கும் இடம் புதைகுழி. மானிடவியலும் தொல்லியலும் ஒரே மனிதரிடத்திற் கூடியிருந்ததற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 1920களில் இலங்கையின் தொல்பொருள் ஆணையாளராக இருந்து, மன்னார்க் கரையின் மாந்தையில் அகழ்வு நடத்திய ஏ. எம். ஹோகார்ட், பசிபிக் தீவுகளின் மக்களிடையே வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளராகவும் விளங்கினார்.

இத்தகைய பாடநெறியின் முதற்பகுதி பெரும்பாலும் மனிதகுலத்தின் நெடும் பயணத்தைக் கூறும். அதனைப் படிக்கும் மன்னார் மாணவருக்குத் தலைமன்னார்க் கரையே சிறந்த வரைபடமாகும். சுமார் இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்திலே, உலகின் கடல்மட்டம் இன்றிருப்பதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக்குநீரிணையும் இராமர் அணையின் மணல்திட்டுகளும் அப்போது உலர்ந்த நிலமாய் இருந்தன. இலங்கையும் இந்தியாவும் ஒரே தரையாய் இணைந்து கிடந்தன. தென்னிலங்கையின் பாகியன்குகை போன்ற இடங்களிற் கிடைத்த எச்சங்கள், நாற்பதினாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இத்தீவில் நம்மையொத்த மனிதர் வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று. நாம் இன்று கடல் என்று கருதும் பரப்பிலே ஒரு காலத்தில் மனிதர் நடந்து திரிந்தனர் என்ற அறிவு, இக்கரையையும் அக்கரையையும் பார்க்கும் நம் பார்வையை விசாலமாக்குகிறது.

இரண்டாம் பகுதி எலும்பைப் பற்றியது. வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றுள் இடுப்பெலும்பின் அமைப்பைக் கொண்டு ஆணா பெண்ணா என்பதைப் பெரும்பாலும் துணியலாம். பருவமடையாத பிள்ளைகளிடத்தே அந்த வேற்றுமை தெளிவாகத் தோன்றாமையால், எலும்பை மட்டும் பார்த்துச் சொல்லல் அரிது. பிள்ளைகளின் வயதைப் பல் முளைக்கும் ஒழுங்கு காட்டித் தரும். இளைஞருடைய வயதை எலும்புகளின் முனைகள் ஒட்டிக்கொள்ளும் கிரமம் காட்டித் தரும். மார்பெலும்பைச் சேரும் காறையெலும்பின் முனை இருபதுகளின் பிற்பகுதியிலேதான் முழுவதும் ஒட்டும். தொடையெலும்பின் நீளத்திலிருந்து உயரத்தை மதிப்பிடலாம். பல்லின் மேற்பூச்சில் குறுக்கே ஓடும் கோடுகள், அப்பல்லுக்கு உரியவர் பாலப் பருவத்திற் பசியாலோ கடும் நோயாலோ வருந்தியதைத் தெரிவிக்கும். சதொசக் குழியில் சிறுவர்களின் எலும்புகள் உண்டென்று எப்படிச் சொன்னார்கள் என்ற கேள்விக்கு இப்பகுதியிலே விடை கிடைக்கிறது. எலும்பைத் துணிவோடும் மரியாதையோடும் பார்க்கும் மனமும் இங்கேயே உருவாகிறது.

மூன்றாம் பகுதி மண்ணைப் பற்றியது. மனிதர் ஓரிடத்தில் தொடர்ந்து வாழும்போது கீழே பழையதும் மேலே புதியதுமாக மண்படைகள் படிகின்றன என்பது தொல்லியலின் முதல் விதி. பிற்காலத்தவர் தோண்டும் குழியும் கிணறும் அப்படைகளைக் குலைக்கும் என்பது அதற்கு அடுத்த எச்சரிக்கை. ஆகையினாலேயே ஒரு பொருள் எந்தப் படையில், எதன் அருகே, எந்நிலையிற் கிடந்தது என்பதைப் பதிவு செய்யாமல் அதனை எடுத்துவிட்டால், நூல் அறுந்து ஏடுகள் கலைந்துபோன ஓலைச்சுவடியைப் போல் அது பொருள் இழந்துவிடுகிறது.

இதற்கு மாந்தையைவிடச் சிறந்த பாடசாலை இல்லை. திருக்கேதீச்சரத் திருக்கோயிலைச் சூழ்ந்து, மாதோட்டம் என்றும் மகாதித்த என்றும் பெயர் பெற்று, அநுராதபுர இராச்சியத்தின் பெருந்துறைமுகமாய் விளங்கிய அந்த மேட்டினை, 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையிலான குழுவினர் அகழ்ந்தனர். சீனப் பீங்கானும் மேற்காசியாவின் மட்கலங்களும் கண்ணாடி மணிகளும் சங்கு அறுத்த எச்சங்களும் அடுக்கடுக்காக வெளிவந்தன. யுத்தம் மூண்டமையால் பணி இடையில் நின்றது. அதன் பெறுபேறுகள் முழு நூலாக வெளிவந்தது 2013ஆம் ஆண்டிலேதான். 2009-10 காலப்பகுதியில் அகழ்வு மீண்டும் நடந்தபோது, ஆய்வாளர் மண்ணை நீரிற் கரைத்து, மிதந்து வந்த கரிந்த தானியங்களைச் சேகரித்தனர். எலினர் கிங்வெல்-பான்ஹாமும் சக ஆய்வாளரும் 2018இல் வெளியிட்ட கட்டுரை, அச்சேகரத்தில் நெல்லே மிகுந்திருந்ததென்றும், மிளகும் ஒரு கராம்பும் கோதுமையும் திராட்சை விதையும் இருந்தனவென்றும் கூறுகிறது. கராம்பு இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளுக்கே உரிய பயிர். அங்கிருந்து கடல் கடந்து வந்து, மாந்தை மண்ணில் எஞ்சிய அந்தச் சிறு மொட்டு, பேரரசர்களின் சாசனங்கள் சொல்லாத அன்றாட வாழ்க்கையை நமக்குச் சொல்லுகிறது. பொற்காசைத் தேடி இரவிற் குழி தோண்டுவோர் எத்தகைய செல்வத்தை அழிக்கிறார்கள் என்பதை இதைப் படித்தவர் ஒருநாளும் மறவார்.

எலும்பும் மட்கலமும் ஒன்றாய்க் கிடைத்த இடமும் இக்கரையில் உண்டு. மன்னாருக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டையொட்டிய பொம்பரிப்பில், இரும்புக் கால மக்கள் இறந்தோரின் எலும்புகளைப் பெரிய தாழிகளில் இட்டுப் புதைத்தனர். ஒரே தாழிக்குள் பலருடைய எலும்புகள் இருந்தமையால், உடல் வேறெங்கோ சிதைந்த பின் எலும்புகளைத் திரட்டி அடக்கம் செய்யும் வழக்கம் நிலவியது புலனாகிறது. 1970இல் விமலா பெக்லி அங்கே அகழ்வு நடத்தினார். கிடைத்த மனித எச்சங்களைக் கென்னத் கென்னடியும் ஜோன் லூக்காக்ஸும் ஆராய்ந்தனர். கடலுக்கு அப்பால் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரிலும் தாழியடக்கம் காணப்படுவதால், இரு கரைகளுக்கும் இடையிலான உறவைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பொம்பரிப்பு இன்றியமையாதது.

நான்காவது பகுதியான காலக்கணிப்புக்கு வருவோம். சதொசக் குழியின் மர்மம் இங்கேதான் தங்கியிருக்கிறது. உயிருள்ள யாவும் காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் காபன் 14 என்ற கதிரியக்க அணுவைப் பெறுகின்றன. இறந்தபின் அது புதிதாய்ச் சேர்வதில்லை, இருப்பதும் 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகிறது. எஞ்சியதை அளந்து இறந்த காலத்தைக் கணிக்கும் இம்முறையை வில்லார்ட் லிபி 1940களின் இறுதியில் நிறுவி, 1960இல் நோபல் பரிசு பெற்றார். இதில் மன்னார் மக்கள் அறிய வேண்டிய நுட்பங்கள் மூன்று. முதலாவது, கடலின் நீர் பழைய காபனைத் தன்னுட் கொண்டிருப்பதால், மீனையே பிரதான உணவாகக் கொண்டோரின் எலும்பு உள்ளதைவிடச் சில நூற்றாண்டுகள் முந்தையதாகத் தோன்றக்கூடும்; உணவின் தன்மையை அறிந்து அதைத் திருத்த வேண்டும். இரண்டாவது, 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுப் பரிசோதனைகள் வளிமண்டலத்துக் காபன் 14இன் அளவை ஏறத்தாழ இருமடங்காக்கின. அதன் பின் வாழ்ந்து மறைந்தவரின் எலும்பில் அந்த மிகுதி பதிந்திருக்கும். ஆகவே அண்மைக் காலத்தவரைப் பழங்காலத்தவரிடமிருந்து இம்முறையால் நன்கு பிரித்தறியலாம். மூன்றாவது, ஒரு மாதிரியின் காலம் அம்மாதிரியின் காலமே. குழியிலுள்ள எல்லோரும் ஒரே சமயத்தில் அடக்கமானவர்களா என்பதை மண்படையும், உடல்கள் கிடந்த நிலையும், உடன் கிடைத்த பொருள்களும், மேலும் பல மாதிரிகளும் சேர்ந்தே நிறுவ வேண்டும்.

ஆக, அந்த ஆறு எலும்புகளைப் பற்றி ஆய்வுகூடம் சொன்னதை அலட்சியம் செய்வதும் தகாது. அதையே முந்நூறு பேருக்கும் உரிய தீர்ப்பாக விரிப்பதும் தகாது. 1404க்கும் 1635க்கும் இடையில் இம்மண் எத்தனையோ துயரங்களைக் கண்டது: 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி மன்னார்க் கிறிஸ்தவர்களைக் கொல்வித்தான், 1560இல் போர்த்துக்கேயர் மன்னார்த் தீவைக் கைப்பற்றினர். இவற்றுள் எதனோடாவது அந்தக் குழியைத் தொடர்புபடுத்துவதற்கு ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. பிள்ளையைத் தேடும் ஒரு தாய், இன்னும் எத்தனை மாதிரிகள் பரிசோதிக்கப்படும் என்றும், மண்படை பற்றிய அறிக்கை எங்கே என்றும், மரபணு ஒப்பீட்டுக்கு வழியுண்டா என்றும் நேராகக் கேட்க வல்லவளாயின், அவளுக்கு எவரும் அரைகுறையாகப் பதில் சொல்லித் தப்ப முடியாது.

இத்துறைகளின் கறைபடிந்த பக்கத்தையும் நல்ல பாடநெறி மறைப்பதில்லை. முன்னொரு காலத்தில் பௌதீக மானிடவியலாளர் பலர் மண்டையோடுகளை அளந்து மனிதரை உயர்ந்த இனமென்றும் தாழ்ந்த இனமென்றும் வகுத்தனர். அது பொய் என்று அறிவியல் பின்னர் நிரூபித்தது: மனிதரிடையே காணும் மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே சமூகத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்று ரிச்சர்ட் லெவோண்டின் 1972இல் கணித்துக் காட்டினார். யார் முதலில் வந்தவர் என்ற வழக்கில் எலும்பையும் ஓட்டையும் சாட்சிக் கூண்டில் ஏற்றும் பழக்கம் வலுத்திருக்கும் நம் நாட்டில், தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் கலந்து வாழ்ந்த மன்னாரில், இந்தப் பாடம் ஒன்றுக்காகவே அத்துறையைப் பயிலலாம்.

வாய்ப்புகள் குறைவல்ல. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகம் தடயவியல் தொல்லியலும் மானிடவியலும் பற்றிய அறிமுகப் பாடநெறியொன்றைப் பியூச்சர்லேர்ன் தளத்தின் வழியே வழங்கியிருக்கிறது. இந்தியாவின் இ-பிஜி பாடசாலாவில் மானிடவியலுக்கெனப் பாடத்தொகுதிகள் உண்டு. 'எக்ஸ்ப்ளொரேஷன்ஸ்' என்ற உயிரியல் மானிடவியற் பாடநூல் 2019இலிருந்து எவரும் இலவசமாகப் படிக்கத்தக்கதாய் உள்ளது. ஆயினும் இவை ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. திரையிற் சுழலும் எலும்பின் உருவம், கையில் ஏந்தும் எலும்பின் கனத்தையும் சொரசொரப்பையும் தருவதில்லை. சான்றிதழ் பெற்றவர் எவரும் அதனால் அகழ்வாளர் ஆகிவிடுவதுமில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, அனுமதியின்றித் தொல்பொருள் தேடி மண்ணைத் தோண்டுவது குற்றம். பாடநெறி தருவது தோண்டும் உரிமையை அன்று, கேட்கும் தகுதியை.

அந்தத் தகுதியைத் தமிழிலேயே தருவதற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தொல்லியல் ஆசிரியர்களும், நம் வைத்தியர்களும், பாடசாலை அதிபர்களும் முன்வரல் வேண்டும். மாந்தையையும் பொம்பரிப்பையும் சதொசக் குழியையும் உதாரணமாகக் கொண்டு, உயர்தர வகுப்பு மாணவரும் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பத்தினரும் ஒருசேரப் படிக்கத்தக்க பத்து வாரப் பாடநெறியொன்றை இணையத்தில் அமைப்பது எட்டாத காரியமன்று. இனியும் இக்கரையில் நிலம் வெட்டப்படும். இனியும் எலும்புகள் வெளிப்படும். அப்போது குழியின் ஓரத்தில் நிற்கும் மக்கள், தமக்குச் சொல்லப்படுவதைப் பரீட்சித்துப் பார்க்கும் அறிவுடையோராய் நிற்க வேண்டும். அதற்குரிய முதற்பாடத்தை இன்றே தொடங்குவது, இறந்தோருக்கும் இருப்போருக்கும் நாம் செலுத்த வேண்டிய கடன்.