குற்றவாளியா, நோயாளியா? சட்டம் காட்டும் வழி

மனநோயாளி ஒருவர் குற்ற வழக்கில் சிக்கிக்கொண்டால் நம்மவர்கள் இரண்டு விதமாகப் பேசுவதுண்டு. "பைத்தியம்னு சர்டிபிகேட் வாங்கிட்டா கேஸ் போச்சு" என்பது ஒன்று. "உள்ளே போனா அவ்வளவுதான்" என்பது மற்றொன்று. இரண்டும் முழு உண்மையல்ல.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, 1.7.2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவாக உள்ளது. தான் செய்வது இன்னதென்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய இயலாதவாறு, செயல் நடந்த அந்த நேரத்தில் மனம் பிறழ்ந்திருந்தால் அது குற்றமாகாது. 1843-இல் லண்டனில் எழுந்த மெக்நாட்டன் வழக்கே இதற்கு மூலம். சமண நெறியும் இம்சையைப் பாவ இம்சை, திரவிய இம்சை என்று பிரித்து, செயலோடு உள்ளத்தையும் எடைபோடுகிறது.

இதை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. சர்டிபிகேட் ஒன்று மட்டும் போதாது. சம்பவத்திற்கு முன்னும் பின்னும் அவர் நடந்துகொண்ட விதத்தையும் கோர்ட்டு பார்க்கும் என்பதை 1964-இல் தாயாபாய் தாக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

சரி, விடுதலையானால் நேரே வீட்டுக்கு வந்துவிடலாமா? முடியாது. செயலைச் செய்தவர் அவர்தான் என்று தெரிந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 374-ஆம் பிரிவின்படி அவரைப் பாதுகாப்பில் வைப்பார்கள். அல்லது தக்க ஜாமீன் பெற்று உறவினரிடமோ நண்பரிடமோ ஒப்படைப்பார்கள். விசாரணையே நடத்த முடியாத நிலையில் இருப்பவருக்கும் 369-ஆம் பிரிவில் வழியுண்டு. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறும் அவசியமில்லை என்றால், தவறாமல் வைத்தியம் பார்ப்போம், யாருக்கும் தீங்கு நேராமல் காப்போம் என்று உறவினர் பொறுப்பேற்றதும் ஜாமீன் கிடைக்கலாம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் முறையே வேறு. அங்கே தண்டனை முடியும் தறுவாயில், கடும் மனநோயும் ஆபத்தும் உள்ள கைதிக்கு, பரோலின் நிபந்தனையாகவே அரசு மனநல மருத்துவமனைச் சிகிச்சையை விதிக்கலாம். நம் நாட்டில் அந்தச் சுமையின் பெரும்பகுதி குடும்பத்தின் தலையில் விழுகிறது.

குடும்பம் கேட்காவிட்டால் என்ன ஆகும்? அசாமின் மச்சாங் லாலுங் 1951-இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். விசாரணை இல்லாமலே 54 ஆண்டுகள் கழிந்தன. 2005-இல் ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளிவந்தபோது வயது 77. பின்னர் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடும் மாத உதவியும் வழங்க உத்தரவிட்டது. போன காலத்தை யார் திருப்பித் தர முடியும்?

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் வேண்டும் என்கிறது. 27-ஆம் பிரிவு இலவச சட்ட உதவிக்கு உரிமை தருகிறது. பணமில்லை என்று ஒதுங்காமல், கோர்ட்டிலுள்ள சட்ட சேவை மையத்தை அணுகலாம்.

வழக்கு வருமுன் நோயைக் கவனிப்பதே உத்தமம். நம்ம ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் இருக்கிறது. 14416 எண்ணில் டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம். வெட்கப்பட்டு மறைப்பதால் நோய் முற்றும்; கேஸும் அதன் பின்னாலேயே வரும்.