மழை பொது, இழப்பு பொதுவா?

பேரிடர் நேரும்போதெல்லாம் அதனை ‘இயற்கையின் சீற்றம்’ என்று கூறி அமைதி கொள்வது நம் வழக்கம். 2021 நவம்பர் 19 அன்று அதிகாலையில், தொடர்மழைக்கிடையே பேரணாம்பட்டு அசீசியா தெருவில் ஒரு வீடு இடிந்து, 4 குழந்தைகள் உட்பட 9 பேர் உயிரிழந்தனர். மழை ஊர் முழுவதற்கும் பொதுவாகவே பெய்தது. இழப்பு மட்டும் ஏன் பொதுவாக அமைவதில்லை? விடை காண, யார் எங்கே வாழ்கின்றனர், யார் எதற்குத் தயங்குகின்றனர், யார் குரல் அவையேறுகிறது என்னும் மூன்றையும் நோக்க வேண்டும். இம்மூன்றிலும் பண்பாட்டின் கை உண்டு.

முதலாவது வாழிடம். தோல் பதனிடுவதற்கு நீர் மிகுதியாகத் தேவை. ஆதலின் தொழிற்கூடங்கள் பாலாற்றுப் படுகையை நாடின. தோலைத் தொடுதல் இழிவெனக் கருதிய சாதி மரபோ, தொழிலாளரை ஊரின் விளிம்பில் நிறுத்தியது. விளிம்பில் வாழ்வோரையே இடரும் முதலில் சென்று சேர்கிறது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் உடைந்து, அருகிலிருந்த தொழிற்கூடத்தில் உறங்கிய 10 தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தோர். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரமும் இத்தகையதே. அந்நாட்டு நிறவெறி அரசின் 1950ஆம் ஆண்டுச் சட்டம் மக்களை இனவாரியாகக் குடியமர்த்தியது. 2022 ஏப்ரலில் அந்நகரையும் சுற்றுப்புறத்தையும் தாக்கிய வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆற்றோரக் குடிசைவாழ் மக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

இரண்டாவது தயக்கம். 1991ஆம் ஆண்டு வங்கதேசப் புயலில் ஏறத்தாழ 1,40,000 பேர் இறந்தனர். ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. அயல் ஆடவர் நிறைந்த புகலிடத்திற்குச் செல்லக் கூசியதும் அதற்கு ஒரு காரணம். பின்னர்ப் பெண்களுக்குத் தனியிடம் கொண்ட புகலிடங்கள் எழுந்தன. பெண்களும் எச்சரிக்கைத் தொண்டர்களாயினர். பர்தா பேணும் ஊர்களில் முகாம் அமைப்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது நீதி. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்னும் கொள்கையை 1996 ஆகஸ்டு 28 அன்று நிலைநாட்டியது. எனினும் பாலாற்று மாசு குறித்து 2025 சனவரி 30 அன்று அந்நீதிமன்றமே மீண்டும் இழப்பீட்டை வலியுறுத்த நேர்ந்தது. இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. தோல் தொழில் இப்பகுதி மக்களுக்குச் சோறிடும் தொழில். அதனை மூடுக என்பது நம் கருத்தன்று. அதன் ஊதியம் ஒருவர்க்கும் அதன் நஞ்சு மற்றொருவர்க்கும் ஆதல் அறமன்று என்பதே கருத்து.

இடரைப் பெருக்கும் பண்பாடே அதனைத் தடுக்கவும் வல்லது. 2015 திசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் சமய வேறுபாடின்றி மக்களுக்குக் கதவு திறந்தன. எந்த வீட்டில் முதியோர் தனித்துள்ளனர், எந்தச் சுவரில் விரிசல் விழுந்துள்ளது என்பதை அரசு அலுவலகத்தைவிட மகல்லாவே நன்கறியும். அவ்வறிவை மழைக்கு முன்பே ஏட்டில் பதிந்து நகராட்சியிடம் சேர்ப்பது, மாணவர்களே, உங்களால் இயலும் பணி. வெள்ளம் வடிந்தபின் வழங்கும் உணவுப் பொட்டலத்தினும் அது மேலான அறமாகும்.