முடிவு வெளியாகும் தினம்

கேளம்பாக்கம், நாவலூர், சிறுசேரி முதலிய ஊர்கள் கணினி நிறுவனங்களின் வரவால் செல்வம் கொழிக்கும் புறநகர்களாக உருமாறியபின், அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் தினமானது, பிள்ளைகளைக் காட்டிலும் பெற்றோருக்கே பெரும் பரீட்சையாக விளங்குகிறது.

பொறியியல் கலந்தாய்வுக்குரிய கட்-ஆஃப், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று, 200-க்குக் கணக்கிடப்படுவது. சமமாக நிற்போரைப் பிரிக்கக் கணித மதிப்பெண் முதலியவற்றை ஒப்பிட்டு, பிறந்த தேதியையும் பார்த்து, அதன் பிறகும் தீராவிடில், கணினி வழங்கிய சமவாய்ப்பு எண்ணைக் கொண்டு முடிவு செய்கிறார்கள். தகுதி தகுதி என்று முழங்குவோர் இந்த அதிர்ஷ்டத்தைக் குறித்து ஏனோ வாய் திறப்பதில்லை!

மருத்துவமோ நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணுக்குள் அடங்கியது. 1965-இல் தோன்றிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியில் இடம் கிட்டாவிடில், வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மீண்டும் ஓராண்டு பயிற்சி மையத்துக்கு அனுப்பப்படுகிறான். அவனுடைய அபிப்பிராயத்தைக் கேட்பார் அரிது. வசதியற்ற அரசுப் பள்ளி மாணவருக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஒன்றே ஆறுதல்.

இந்தப் புறநகர்களுக்கு அருகே, கடற்கரையில் அமைந்த மாமல்லபுரத்தில், 1957-இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கப்பெற்ற அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, கல்லிலும் சுதையிலும் மரத்திலும் உலோகத்திலும் கைதேர்ந்த பட்டதாரிகளை உருவாக்கி வருகிறது. பெற்றோர்களே, இவ்வாண்டு விண்ணப்பம் போடுமுன், பிள்ளையை அழைத்துச் சென்று அதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.