நீர்த்தேக்கத்திற்கு நிலங்கொள்ளுதல்

கொசஸ்தலையாற்று வெள்ளம் எண்ணூரிற் கடலோடு கலந்து வீணாவதைத் தடுத்து, நகரத்துக்குக் குடிநீராக்க வேண்டிச் சென்னை நகரசபையார் பூண்டியில் அணை கட்டுவித்தனர். மேயராயிருந்த ஸ்ரீ சத்தியமூர்த்தி இதற்கு முன்னின்றார். 1940-இல் தொடங்கிய வேலை 1944-இல் முடிந்தது. முந்தின வருஷமே அவர் காலமாகிவிட்டார். திருவெண்பாக்கத்து ஊன்றீசுவரர் கோயிலும் நீர்ப்பரப்புக்குள் அகப்பட்டமையால், பூண்டியிற் புதிதாக எடுப்பிக்கப்பட்டது. ஊரார் கொடுத்தது நிலம் மாத்திரமன்று.

கும்மிடிப்பூண்டி தாலுகாவில் கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை ஏரிகளை இணைத்த தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கும் குடியானவர்களின் பட்டா நிலங்கள் எடுக்கப்பட்டன.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்து நிலச்சுவான்தார்கள் சட்டத்தை அறிந்திருத்தல் நலம். 1894-ஆம் வருஷத்துச் சட்டத்திற்குப் பதிலாக 2014 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி, முதல் அறிவிப்பு வெளியான 60 நாட்களுக்குள் ஆட்சேபத்தைக் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும். நிர்ணயித்த நஷ்டஈட்டுக்குச் சமமான தொகை ஆறுதற்பணமாகவும் சேரும். பழைய சட்டத்தில் அது கடைசியாகச் சந்தை மதிப்பில் நூற்றுக்கு 30-ஆகவே இருந்தது.

ஆயின் சந்தை மதிப்பைக் கணிக்க, அக்கம்பக்கத்தில் முந்தின 3 வருஷங்களிற் பதிவான கிரயப் பத்திரங்களையும் பார்ப்பர். முத்திரைச் செலவை மிச்சம்பிடிக்கக் கிரயத்தைக் குறைத்தெழுதும் வழக்கம் எழுதினவரை மட்டுமோ, அண்டை நிலத்தாரையும் கெடுக்கும்!

இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே பட்டா நிற்குமாயின், வாரிசுகளின் வியாஜ்யம் தீருமளவும் பணம் கைக்கு வாராது. கிராம அதிகாரிகள் பட்டா மாறுதல்களைத் தாமதமின்றி முடித்துத் தருதல் வேண்டும். கிணற்றையும் மரங்களையும் அளக்க வருவோரிடம் காட்டிப் பதிவுசெய்விப்பது நிலத்துக்குடையவரின் பொறுப்பு.