சேலையில் உருண்டை, திரையில் சப்பட்டை: பழைய பாணி கேமுக்கு எந்த அளவு?

ஒரு முழு கேமையும் 13 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டிய ‘ஜேஎஸ்13கே’ போட்டிக்குக் கடைசி நாள் செப்டம்பர் 13. நாள் நெருங்க நெருங்க, 320×200 வைப்பதா, 320×180 வைப்பதா என்று கேட்டு மின்னஞ்சல்கள் குவிகின்றன. பெரும்பாலோருக்கு 320×180 போதும். காரணத்தைச் சொல்லும் முன், ஆரணியிலிருந்து வந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். விஷயத்தின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

கேட்டவர் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவர். தறிக்காகப் போட்ட ருத்ராட்ச புட்டாவை அப்படியே எடுத்துத் தன் கேமில் நாணயமாக வைத்திருக்கிறார். சேலையில் உருண்டையாக விழுந்த புட்டா திரையில் சப்பட்டையாகிவிட்டது. எங்கே தவறு?

டிசைனில் தவறே இல்லை. ஜக்கார்டு கிராஃபில் ஒவ்வொரு நெடுக்கு வரிசையும் ஒரு கொக்கிக்கு. ஒவ்வொரு குறுக்கு வரிசையும் ஓர் அட்டைக்கு. பாவின் நெருக்கம் கட்டத்தின் அகலத்தைத் தீர்மானிக்கிறது, ஊடையின் நெருக்கம் உயரத்தை. இரண்டும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. அதனால்தான் டிசைனர்களிடம் சதுரமில்லாத கட்டங்கள் கொண்ட கிராஃப் தாள் இருந்தது. ஓர் அங்குலத்தில் குறுக்கே 60 கட்டமும் நெடுக்கே 50 கட்டமும் விழும் துணி என்று வைத்துக்கொள்வோம். கட்டம் ஒவ்வொன்றும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரம். அரை அங்குல வட்டத்துக்கு 30 கட்டம் அகலமும் 25 கட்டம் உயரமும் போட்டால்தான் துணியில் அது வட்டம். அதே 30×25 படம், சதுரப் புள்ளிகள் கொண்ட இன்றைய திரையில் சப்பட்டையாகத்தான் தெரியும்.

1.2 என்ற எண்ணைக் காரணத்தோடுதான் எடுத்தேன். ஐபிஎம் 1987-இல் கொண்டுவந்த விஜிஏவின் 256 நிற 320×200 படம், 4:3 மானிட்டர் முழுக்க விரிந்தது. சதுரப் புள்ளியாக இருந்தால் அந்தத் திரைக்கு 240 வரி வேண்டும். இருந்தது 200. ஆகவே ஒவ்வொரு புள்ளியும் 1.2 மடங்கு நீண்டு நின்றது, நம் துணியின் கட்டம் போலவே. 1993-இல் வந்த ‘டூம்’ அந்த நீண்ட புள்ளியில் ஓடிய கேம். அதை இன்று சதுரப் புள்ளியில் காட்டினால் அரக்கர்கள் குள்ளமாகிவிடுகிறார்கள். சரிசெய்ய ஓர் அழகான வழி உண்டு: அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்கினால் 1600×1200, பிசிறில்லாத 4:3. ஆனால் 1080 வரித் திரையில் 1200 வரி நுழையாது. புதிதாகச் செய்பவர்கள் 320×200-ஐத் தொட வேண்டாம்.

ஆரணி வாசகர் புட்டாவைச் சதுரக் கட்டத்தில் 25×25 ஆகத் திரும்ப வரைவதே நல்லது. மென்பொருளை விட்டு 25 வரியை 30 ஆக இழுத்தால் ஐந்துக்கு ஒரு வரி இரட்டித்து, விளிம்பு நொண்டும்.

இனி 320×180. 4 மடங்கில் 1280×720, 6 மடங்கில் 1920×1080, 12 மடங்கில் 4கே. எல்லாம் முழு எண். சிக்கல் தருவது ‘எச்டி ரெடி’ என்று விற்கப்படும் திரை. குறைந்தது 720 வரி இருக்கும் என்று உத்தரவாதம் தரும் அந்த முத்திரை, சரியாக எத்தனை புள்ளி என்பதைச் சொல்வதில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் 1366×768. அதில் 320 புள்ளியை முழு அகலத்துக்கு இழுத்தால் 234 புள்ளிக்கு 4 அகலம், 86 புள்ளிக்கு 5. பாத்திரம் நடக்கும்போது அதன் முகம் ஒவ்வோர் அடிக்கும் பருத்து மெலியும். கேம் என்ஜின் விளம்பரம் இதையும் ‘எந்தத் திரைக்கும் தானே பொருந்தும்’ என்கிறது. பொருந்த விடாதீர்கள். 4 மடங்கோடு நிறுத்தி, இடமும் வலமும் 43, மேலும் கீழும் 24 புள்ளி கறுப்பாக விடுங்கள்.

மற்ற கேள்விகள்:

320×240 கூடாதா? கூடும், 1080 திரையில் 4 மடங்கு, மேலும் கீழும் 60 கறுப்பு.

செங்குத்து மொபைல்? 180×320, நீண்ட திரையில் மிஞ்சும் இடத்தில் பட்டன்கள்.

படம் மங்கலாகிறதா? கேன்வாஸுக்கு ‘பிக்ஸலேட்டட்’ போடுங்கள்.

லேப்டாப்பில் மட்டும் புள்ளிகள் கோணுகின்றனவா? விண்டோஸின் 125 சதவீதப் பெரிதாக்கம். மடங்கைத் திரையின் உண்மைப் புள்ளியில் கணக்கிடுங்கள்.