பிள்ளையின் கையில் சொரசொரப்பா? சொறி என்று ஒதுக்கிவிடாதீர்கள்

தை, மாசி மாதங்களில் நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் பனி கொட்டினால் தேயிலைக் கொழுந்தே கருகிப் போகிறது. அந்தக் காய்ந்த குளிர் பிள்ளைகளின் தோலை மட்டும் விட்டுவிடுமா? இந்த மாதங்களில் தாய்மார் எம்மிடம் அடிக்கடி கேட்கும் விசயம் ஒன்று உண்டு. "கையைத் தடவிப் பாருங்க மிஸ், அரம் மாதிரி இருக்கு. புடுங்குன கோழித் தோலு கணக்கா. என்னென்னமோ பூசியாச்சு, போகவே மாட்டேங்குது" என்பார்கள்.

தோள்பட்டைக்குக் கீழே கையின் வெளிப்புறம், தொடை, பின்பக்கம், சில பிள்ளைகளுக்குக் கன்னம் ஆகிய இடங்களில் ஊசித் தலை அளவில் பொரிப்பொரியாக இருக்கும். சுற்றிலும் கொஞ்சம் சிவந்தோ கறுத்தோ காணப்படும். அரிப்பு அநேகமாக இருக்காது, இருந்தாலும் சொற்பம்தான். வைத்தியர்கள் இதற்கு 'கெரற்றோசிஸ் பிலாரிஸ்' என்று பெயர் சொல்வார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உலகம் முழுக்க ஏராளமான பிள்ளைகளுக்கு இருக்கும் சாதாரணத் தோல் தன்மை இது.

இதனால் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் பிள்ளையின் மனதுக்கு ஆபத்து உண்டு. "அதுகிட்ட போகாத, ஒட்டிக்கும்" என்று லயத்தில் ஒருவர் சொன்னால் போதும், பிள்ளைக்காம்பராவிலும் பள்ளிக்கூடத்திலும் அந்தப் பிள்ளை தனியாகிவிடும். வளர்ந்த பெண்பிள்ளைகள் வெயில் காலத்திலும் நீளக் கைச்சட்டை போட்டு மூடிக்கொள்கிறார்கள். ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது ஒட்டாது என்பதுதான். ஒரே பாயில் படுத்தாலும், ஒரே துவாயில் துடைத்தாலும் ஒட்டாது. அழுக்காலும் வருவதில்லை.

அப்படியானால் எதனால் வருகிறது? நமது தோலில் ஒவ்வொரு மயிரும் ஒரு சின்னக் குழியிலிருந்து முளைக்கிறது. நகத்தில் உள்ள அதே கெட்டிப் பொருள் தோலிலும் உண்டு. சிலருக்கு அது அளவுக்கு மேல் சேர்ந்து, போத்தல் வாயைத் தக்கை அடைப்பதுபோல அந்தக் குழியை அடைத்துவிடும். நாம் தடவும்போது கைக்குத் தட்டுவது அந்தத் தக்கைதான். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தகப்பனின் கையையோ, தாயின் தொடையையோ தடவிப் பாருங்கள், பல வீடுகளில் விடை அங்கேயே கிடைக்கும். வறண்ட தோல், கரப்பான், இழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வருகிறது.

ஆனால் பொரியெல்லாம் இதுதான் என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடவும் கூடாது. ஒரு காம்பராவுக்குள் ஐந்தாறு பேர் நெருங்கிப் படுக்கும் இடத்தில் உண்மையான சொறி சுலபமாகப் பரவும். சொறியென்றால் ராத்திரியில் தூங்கவிடாத அரிப்பு இருக்கும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு, மறைவிடங்களில் பொரி காணும், வீட்டில் இன்னும் ஒருவராவது சொறிந்துகொண்டிருப்பார். அதற்கு மருந்து வேறு. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும், துணிமணியைச் சுடுதண்ணீரில் போட்டு வெயிலில் காய வைக்க வேண்டும். அந்தச் சொறி மருந்தைக் கோழித்தோல் பொரியில் பூசினால் எரிச்சல்தான் மிச்சம்.

நடுவில் குழி விழுந்த, முத்துப்போல மினுங்கும் பரு ஒரு வைரஸால் வருவது. அது ஒட்டக்கூடியது. முழங்கையிலும் முழங்காலிலும் முள்முள்ளாக இருந்து, பிள்ளை மாலை மங்கலில் தடுமாறினால் விற்றமின் ஏ குறைவாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். வெளிறிய தேமல் போல் இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லையென்றாலும் தாமதிக்க வேண்டாம். அது தொழுநோயாக இருந்தால் மருந்து இலவசம், பூரணமாகக் குணமாகும்.

சரி, கோழித்தோலுக்கு என்ன செய்வது? அடியோடு மாற்றும் மருந்து கிடையாது. ஆனால் கையைத் தடவினால் தெரியாத அளவுக்கு மிருதுவாக்கலாம். அதற்குப் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும்.

குளிப்பிலிருந்து தொடங்குவோம். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தோலிலுள்ள எண்ணெய்ப் பசை கழுவிக்கொண்டு போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து, பத்து நிமிடம் போதும். உடுப்புச் சவர்க்காரத்தைப் பிள்ளையின் உடம்பில் போடவே வேண்டாம். பீலிக்கரையில் ஒரே கட்டியை எல்லாவற்றுக்கும் பாவிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. குளிக்கும் சவர்க்காரத்தைக்கூட அக்குள், தொடையிடுக்கு, பாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பிறகு துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தோல் ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், சுத்தமான தேங்காய் எண்ணெயோ வெள்ளை வாசலினோ மெல்லப் பூசுங்கள். ராத்திரியும் ஒரு தடவை. காய்ந்த பிறகு பூசினால் பாதிப் பலன்தான். எண்ணெயில் சூடம் கரைத்துப் பூசுவது சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து, வேண்டாம். இன்னொரு விசயம், வாசலின் ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். பூசிய பிள்ளையை விறகடுப்புப் பக்கத்தில் உட்கார விடாதீர்கள். அனலும் தோலைக் காய வைக்கும். சுவெட்டருக்கு உள்ளே ஒரு பருத்தி பனியன் போட்டுவிட்டால் கம்பளி உரசாது.

தாய்மார் நல்லெண்ணத்தோடு செய்யும் பெரிய தீங்கு தேய்ப்பதுதான். தும்பு, பீர்க்கங்கூடு, செங்கல் துண்டு, ஏன், உப்பும் தேசிக்காயும்கூட வைத்துத் தேய்க்கிறார்கள். அழுக்கென்று நினைப்பதால் வரும் வினை இது. தேய்த்தால் தக்கை போகாது, தோல்தான் உரியும். நம் நிறத்துத் தோலில் அந்தக் காயம் கறுப்புத் தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும். நகத்தால் கிள்ளினாலும் அப்படித்தான். காயத்தில் சீழ் வைத்தால் டிஸ்பென்சரிக்கு வாருங்கள். கிருமி பிடித்த தோல் புண்ணுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுவதுண்டு. முகம் வீங்கி, மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

ஒரு மாதம் எண்ணெய் பூசியும் சொரசொரப்பு குறையாவிட்டால், வைத்தியர் யூரியா அல்லது லக்டிக் அமிலம் கலந்த கிறீம் எழுதித் தரலாம். அது தக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக வைக்கும். புண் உள்ள இடத்தில் பட்டால் எரியும். வித்தியாசம் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் செல்லும், நிறுத்தினால் திரும்பவும் வரும். அது மருந்தின் குற்றமல்ல, தோலின் இயல்பு.

டவுனில் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் 'எல்லாத்துக்கும் ஒரே டியூப்' விசயத்தில் மிகவும் கவனம் தேவை. அவற்றில் பெற்றாமெதசோன், குளோபெற்றசோல் என்ற ஸ்ரீரொயிட் மருந்துகள் இருக்கக்கூடும். பூசிய சில நாளில் சிவப்பு குறையும், "ஆகா, நல்ல மருந்து" என்று தோன்றும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வரிவரியாகத் தழும்பு விழும். கன்னத்தில் உள்ள பொரிக்கு வெள்ளையாக்கும் கிறீம் பூசுவதும் வேண்டாம், சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

பெரியபிள்ளையாகும் வயதில் இது கொஞ்சம் கூடலாம். பிறகு பலருக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடும். அதுவரை பிள்ளைக்கு ஒரு பதில் சொல்லிக் கொடுங்கள்: "இது என் தோல், எங்க அப்பாவுக்கும் இருக்கு, ஒட்டாது." இதையே பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளரிடமும் வகுப்பு ரீச்சரிடமும் நீங்கள் நேரில் போய்ச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் தோட்ட வைத்திய உதவியாளரிடம் காட்டுங்கள். தேவையென்றால் அவர் துண்டு எழுதித் தருவார். நுவரெலியா, பதுளை, கண்டி அரசாங்க ஆஸ்பத்திரிகளின் தோல் கிளினிக்கில் காசில்லாமல் பார்க்கலாம். போகும்போது இதுவரை பூசிய டியூப், எண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள், காலியானதாக இருந்தாலும் பரவாயில்லை.